பச்சைக்குள் பச்சை

ஜூன் 3, திங்கள்

ஓய்வு பெற்ற பிறகு வரும் முதல் திங்கட்கிழமை. குளித்து, சட்டை போட்டு, பேனாவைப் பாக்கெட்டில் செருகிய பிறகுதான் போக இடமில்லை என்பது உறைத்தது. என் மனைவி மயிலாத்தாள் பார்த்தாள். சிரிக்கவில்லை. "போட்டதுதான் போட்டீங்க, கடைக்குப் போயி தயிர் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

பஸ் டிப்போ ஸ்டோரில் வேலை பார்த்த காலமெல்லாம் வந்தது போனது எழுதிப் பழகிய கை, சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அதனால் இந்த டைரி.

உடுமலைக்குக் காற்று வந்துவிட்டது. மதியம் தகரம் உருளும் சத்தம் கேட்டுப் பொடக்காலிக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த இடத்தை இத்தனை வருடமாகக் கை கழுவப் போகிற இடமாகத்தான் எனக்குத் தெரியும். அது மயிலாவின் தோட்டம். கத்தரி, வெண்டை, அவரைப் பந்தல், பாகல் கொடி, கறிவேப்பிலை, இரண்டு வாழை. செடிகளைக் குறை சொல்ல வழியில்லை. சாமான்கள்தான் சகிக்கவில்லை. களைக்கொத்து முருங்கை மரத்தடியில். கத்தரிக்கோல் வாழைக்கன்றுக்குள். வேப்பம்புண்ணாக்கு மூட்டை வாயைத் திறந்தபடி. விதைகளெல்லாம் பழைய மாத்திரைக் கவர்களில். காலிச் சாக்குகளைக் காற்று வேலிவரை இழுத்துப் போயிருந்தது. என் ஸ்டோரில் ஒரு வாஷர் இப்படிக் கிடந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

மயிலா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி செடித் தொட்டிக்கு வெளியே போயிற்று.

"தண்ணி வெளிய ஊத்துது."

"ஊத்தட்டும். அங்கயும் மண்ணுதானுங்க இருக்குது" என்றாள்.

கவனக்குறைவு. வாழ்நாளில் அவளிடம் பார்க்காத குணம்.

ஜூன் 5, புதன்

பழைய சாமான்காரர் வந்தார். கொடுக்க எடுத்து வைத்திருந்ததை எல்லாம் திரும்ப உள்ளே எடுத்து வைத்தேன். ஒரு யோசனை இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் பொடக்காலியைக் கூட்டி, இரும்பு வாளியைக் குழாயடியிலிருந்து எடுத்துச் சுவரோரம் வைத்தேன். அரை மணி நேரத்தில் மயிலா அதன்மேல் தடுக்கி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. நல்லவேளை, அவ்வளவுதான்.

"அத்தாப்பெரிய வாளி தெரியலையா?"

"வாளி எப்பவும் கொழாயடியில இருக்கும். நீங்க எதுக்கு அதை நகத்துனீங்க?"

"நடக்கறவங்க பாத்து நடக்கோணும்."

தேங்காயெண்ணெயை எடுத்துத் தானே தடவிக்கொண்டாள்.

மதியம் கோகிலா ஒசூரிலிருந்து போன் செய்தாள். விழுந்ததைச் சொல்லவேண்டாம் என்று மயிலா சைகை காட்டினாள். நான் சொல்லிவிட்டேன். எங்கள் ஒரே மகள். "எதுக்குப்பா இன்னும் அங்க? வீட்ட வித்துப்போட்டு இங்க வந்துருங்க. லிப்ட் இருக்குது, பார்க் இருக்குது" என்றாள். யோசிக்கிறேன் என்றேன். மயிலா கேட்டுக்கொண்டே அவரைக்காய்க்கு நார் உரித்தாள். அதற்குப் பிறகு இன்று முழுதும் அவள் என்னோடு பேசியது "சாப்புட வாங்க" மட்டும்தான்.

ஜூன் 12, புதன்

யோசனையைச் செயலாக்கினேன். சமையலறையில் புது அலமாரி செய்தபோது கழற்றிப் பரணில் போட்ட ஸ்டீல் பாத்திர ஸ்டாண்டைப் பொடக்காலிச் சுவரில் மாட்டினேன். தட்டுச் செருகும் இடத்தில் சிறிய மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள். டம்ளர் மாட்டும் கொக்கிகளில் கத்தரிக்கோல், கயிற்றுச் சுருள், கையுறை. கரண்டிக் கூண்டில் பெயர் எழுதும் குச்சிகள், பேனாக்கத்தி. அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. உயரப்படி வரிசை: பெரியது இடப்பக்கம், சிறியது வலப்பக்கம்.

மயிலா வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு எங்கம்மா வாங்கிக் குடுத்த ஸ்டாண்டு" என்றாள்.

"வேண்டாம்னா கழட்டிப்போடறேன்."

"இல்லீங்க. பரண்ல கெடந்ததுக்கு இது தேவலை."

ஜூன் 17, திங்கள்

ஊறுகாய் பாட்டில் மூடிகளை ஒரு பலகையின் அடியில் திருகாணி போட்டு முடுக்கினேன். பாட்டிலை மேலே தூக்கித் திருகினால் தொங்கும். உள்ளே விதை. மழை படாது, எலி தொடாது. வாஷிங் மெஷினின் உள் டிரம்மைச் சாமான்காரருக்குக் கொடுக்காதது நல்லதாயிற்று. சுற்றிலும் ஓட்டை போட்ட டிரம். தண்ணீர்க் குழாயை அதற்குள் சுருட்டி வைத்தால் ஈரம் வடிந்துவிடுகிறது. அரிசி டின்னில் புண்ணாக்கு. கோகிலா பள்ளிக்கு ஓட்டிய சைக்கிளின் கூடை, காய் பறிக்க.

இட்லித் தட்டு கேட்டேன். குழிக்கு ஒரு விதை ரகம் போட்டுக் காய வைக்கலாம்.

"நாளைக்கு இட்லிக்குப் பதிலா விதைய அவிச்சுத் தரட்டுங்களா?"

பழைய அலுமினியத் தட்டு கிடைத்தது.

ஜூன் 18, செவ்வாய்

தட்டு போதவில்லை. இன்னொன்று கேட்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பக்கத்து வீட்டு ருக்மணி வேலியோரம் நின்று, "ஏனுங்ணா, அக்காளுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?" என்று கேட்டாள். சந்தைக்குப் போகும் வழியில் பக்கத்திலேயே நடந்து வந்தாளாம், மயிலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

மயிலாவிடம் கேட்டேன். "வெயிலு கண்ணக் கூசுச்சு" என்றாள்.

அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது. மழை வரும் என்று நான் குடை கொடுத்து அனுப்பிய நாள் அது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 29, சனி

கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்ட் இருந்தது. ஸ்டாண்டு, டிரம், டின், பலகை, கூடை, கருவிகளின் பிடி, வாளி, எல்லாவற்றுக்கும் அடித்தேன். சுவரையும் பாதி உயரம்வரை விடவில்லை. தோட்டத்தோடு தோட்டமாக ஒன்றிப்போய்விட்டது. எது செடி எது சாமான் என்று தெரியாத அழகு. ருக்மணி போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். கோகிலாவுக்கும் அனுப்பினேன். "சூப்பர்ப்பா" என்று பதில் வந்தது.

மயிலா வாசற்படியிலேயே நின்று, "நல்லா இருக்குதுங்க" என்றாள். கீழே இறங்கவில்லை. பெயின்ட் காயட்டும் என்றிருப்பாள்.

ஜூலை 1, திங்கள்

பெயின்ட் காய்ந்து ஒருநாள் முழுதாகியும் அவள் பொடக்காலிக்குப் போகவில்லை. இன்று காலை என் வற்புறுத்தலில் போனாள்.

"களைக்கொத்து எங்கீங்க?" என்ற குரல் வந்தது.

"ஸ்டாண்டுலதான். கண்ணு முன்னாடி" என்றேன், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

நேரம் போயிற்று. சத்தமே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். ஸ்டாண்டுக்கு ஓரடி தள்ளி நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். களைக்கொத்துக்குப் பக்கம்வரை கை வந்தது. பிறகு வேறு பக்கம் போயிற்று.

"அதா, உன்ற மூஞ்சிக்கு நேரா இருக்குதில்ல?"

கையை இறக்கினாள். "எல்லாத்துக்கும் ஏனுங்க பச்சை அடிச்சீங்க?"

"பாக்க நல்லா இருக்குதுன்னு ஊரே சொல்லுது."

"ஊருக்குக் கண்ணு தெரியுதுங்க."

சொல்லிவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றேன்.

"செடியும் பச்சை. சொவரும் பச்சை. பச்சைக்குள்ள பச்சைய வெச்சா எனக்கு எங்கீங்க தெரியும்? நேரா பாத்தா கொஞ்சம் தெரியும். பக்கத்துல ஒண்ணும் தெரியறதில்ல. முன்ன அது அது கெடந்த எடத்துல கெடந்துது. களைக்கொத்து முருங்கைக்கு அடியில, கத்தரிக்கோலு வாழைக்கிட்ட. என்ற காலுக்கும் கைக்கும் தெரிஞ்சுது. நீங்க வந்து ஒழுங்கு பண்ணிப்போட்டீங்க."

"எத்தன நாளா இப்படி?"

"போன வருசம் கல்யாண மண்டபத்துல முகாம் போட்டுக் கண்ணு பாத்தாங்கல்ல. கண்ணுக்குள்ள அழுத்தம், ஒடனே கோயமுத்தூரு போங்கன்னாங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க ரிட்டயர் ஆகட்டும்னு இருந்தேன். அப்புறம் ரிட்டயர் ஆயிப்போட்டீங்க. சொன்னா ஒசூருக்கு மூட்டை கட்டுவீங்கன்னு இருந்தேன்."

களைக்கொத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கத்தரிப் பாத்திக்குப் போய்க் குனிந்து களையெடுக்க ஆரம்பித்தாள். விரலால் தண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொத்தினாள். ஒரு கத்தரிச் செடிகூட வெட்டுப்படவில்லை. நான் அவள் உட்கார்ந்த கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 5, வெள்ளி

கோயமுத்தூர், கண் ஆஸ்பத்திரி. ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி வருமாம். தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அமுக்கவேண்டும். நான் கதவோரம் நின்றேன். அமுக்கினால் 'டிக்' என்று கேட்கும். முதலில் கேட்டது. பிறகு நெடுநேரம் கேட்கவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. மயிலா கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் நிதானமாகப் பேசினார். நல்ல மனிதர். சொட்டு மருந்து, காலை ஒன்று, இரவு ஒன்று. ஒருநாளும் தவறக்கூடாது.

ஆஸ்பத்திரி எதிரில் டீ நன்றாக இல்லை. பஸ்ஸில் மயிலாவுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன். பல்லடம் தாண்டியதும் "மழை பேஞ்சிருக்குதுங்க" என்றாள். மண் வாசம் எனக்குப் பிறகுதான் வந்தது.

ஜூலை 6, சனி

மயிலா கோயிலுக்குப் போன நேரத்தில் பொடக்காலியைத் தணிக்கை செய்தேன். துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு குழாயடியிலிருந்து ஸ்டாண்டுவரை நடந்தேன். டிரம்மில் முழங்கால் இடித்தது. ஸ்டாண்டின் மூலை நெற்றிக்கு வந்தது. களைக்கொத்தென்று நினைத்து அரிவாளின் முனையைப் பிடித்தேன். சிறு கீறல்.

முடிவு: இந்த ஸ்டோர் சரியில்லை. தவறு ஸ்டோர் கீப்பருடையது.

விரலில் என்ன கட்டு என்று மயிலா கேட்டாள். வெங்காயம் நறுக்கியபோது என்றேன். நான் எப்போது வெங்காயம் நறுக்கினேன் என்று அவள் கேட்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

"நீ சொல்லு, நான் மாட்டறேன்" என்றேன்.

"நான் சொன்னா கேப்பீங்களா?"

"கேக்கறேன்."

"சின்னது பெருசுன்னு அடுக்காதீங்க. காலைல நான் மொதல்ல எதை எடுக்கறேனோ அது மொதல்ல இருக்கோணும்." முதலில் பூவாளி. அடுத்தது களைக்கொத்து. அதற்கடுத்துக் கத்தரிக்கோல், கயிறு. கடைசியில் காய்க்கூடை, வீட்டுக்குத் திரும்பும் வழியில். அரிவாள் தனியாக, உறையோடு, உயரத்தில். என் வாழ்நாளில் எந்த ஸ்டோரையும் இப்படி அடுக்கியதில்லை. அவள் நடக்கும் வழியிலேயே சாமான்கள் வரிசையாக நின்றன.

ஸ்டாண்டைக் கழற்றி அவள் நெஞ்சுயரத்துக்கு இறக்கினேன். சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். பீரோவிலிருந்து ஒரு சிவப்புச் சேலையை எடுத்துவந்து சர்ரென்று கிழித்தாள்.

"நல்ல சேலையாச்சே."

"நீங்க எடுத்துக் குடுத்ததுதான். ஒருக்கா கட்டினேன். நெறம் அடிக்க வருது. இதுக்குத்தான் லாயக்கு."

பதினைந்து வருடம் கழித்து வந்த தீர்ப்பு. பிடிகளுக்கெல்லாம் அந்தச் சேலையைச் சுற்றிக் கட்டினோம். வெள்ளைச் சுவரில் சிவப்புப் பிடிகள். டிரம் வாய்க்கும் வாளி விளிம்புக்கும் வெள்ளை. என் பச்சை பெயின்ட் ஸ்டாண்டிலும் பலகையிலும் அங்கங்கே மிஞ்சியிருக்கிறது.

பாட்டில்களுக்குப் பெயர்ச்சீட்டு பெரிய எழுத்தில் ஒட்டலாம் என்றேன். வேண்டாமென்று ஒன்றைத் திருகிக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். "வெண்டை." அடுத்தது. "கத்தரி, பொடிமணலாட்ட கேக்குது பாருங்க." அடுத்தது. "பாகல்." நான் குலுக்கினேன். எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. மயிலா சிரித்தாள். இந்த மாதத்தில் முதல் தடவை.

ஜூலை 11, வியாழன்

சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன். அவள் விட்டால் கன்னத்தில் விழுகிறது. முகத்தை மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் இருப்பாள். விட்ட நேரத்தைக் காலண்டரில் குறித்து வைக்கிறேன். ஸ்டோர் பழக்கம்.

ஜூலை 20, சனி

கோகிலா வந்தாள். போனில் சொன்னபோது அழுதவள் நேரில் அழவில்லை. கட்டிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு பேரும் கெளம்புங்க. நான் முடிவு பண்ணிட்டேன்" என்றாள்.

மயிலா அவள் கையைத் தடவிக்கொடுத்தாள். "போனது திரும்பாதாம் கண்ணு. இருக்கறத மருந்து ஊத்திக் காப்பாத்திக்கலாமாம். மருந்து உடுமலையிலயும் அதே மருந்துதான்."

"அம்மா, இங்க மறுபடி விழுந்தீங்கன்னா?"

"வா, வெளிய போலாம்."

இரண்டு பேரும் பொடக்காலிக்குப் போனார்கள். நான் வாசற்படியில் நின்றேன். மயிலா முன்னால் நடந்தாள். பூவாளி, களைக்கொத்து, கத்தரிக்கோல், கூடை என்று ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போனாள், கோயிலில் சுற்றுச் சாமிகளைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறவள்போல. பாகல் பந்தலில் கையை விட்டு, முற்றியதை விட்டுப் பிஞ்சையும் விட்டுப் பக்குவமானதை மட்டும் பறித்தாள். கோகிலா உதவி செய்கிறேன் என்று நீர் பிடித்துக் கொடுத்து, வாளியைப் பாதை ஓரத்தில் வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மயிலா நின்றாள்.

"வாளி எங்க?"

"இங்க வெச்சேம்மா."

"சத்தம் கொழாயடியில கேக்கல. அதுக்குன்னு ஒரு எடம் இருக்குது சாமி. ஒசூர்ல உங்க வீட்டுல மூணு கொழந்தைக வெளையாட வரும், செருப்பு கெடக்கும், சேரு நகரும். அது நல்ல வீடுதான். ஆனா அங்க எது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. அங்க வந்தா நான் ஒரு சேர்லதான் உக்காந்திருப்பேன். இங்க நான் உக்காரவே மாட்டேன்."

கோகிலா என்னைப் பார்த்தாள். "நீங்க ஏதாச்சும் சொல்லுங்கப்பா."

யோசிக்கிறேன் என்று போனில் சொன்னவன் நான்தான். "யோசிச்சுப்போட்டேன் கண்ணு. நாங்க இங்கயே இருக்கறோம்" என்றேன்.

மயிலா திரும்பவில்லை. பாகற்காய்க் கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

ஜூலை 21, ஞாயிறு

சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் கோகிலாவைக் காணோம் என்று தேடினேன். பொடக்காலியில் இருந்தாள். வாளியைக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்தாள். நகர்ந்து பார்த்தாள். திரும்ப வந்து, பிடி வீட்டுப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள். எனக்கே தோன்றாதது அது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அவரையும் பூசணியும் ஊன்றினோம். குழி தோண்டுவது நான். விதை போட்டு மூடுவது அவள். ருக்மணி கலந்த சாதம் கொண்டுவந்து கொடுத்தாள். "அக்கா, எங்க வீட்டுப் பழைய பாத்திர ஸ்டாண்டையும் மாட்டித் தரச் சொல்லுங்க" என்றாள். என்ன நிறம் அடிக்கட்டும் என்று கேட்டேன். "அதை அக்கா சொல்லட்டுமுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆஸ்பத்திரி. அழுத்தம் இறங்கியிருக்கிறதாம். எதிரில் டீ பரவாயில்லை.

செப்டம்பர் 14, சனி

எனக்குக் காய்ச்சல். காலையிலிருந்து படுக்கை. மயிலா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "தூதுவளை பறிச்சுட்டு வந்து ரசம் வெக்கறேன். எந்திரிச்சு வரக்கூடாது."

தூதுவளை வேலியோரம் படர்ந்திருக்கிறது. இலையிலும் முள், தண்டிலும் முள். பறித்துக் கொடுப்பது இத்தனை நாளும் நான்தான். வேண்டாமென்று சொல்ல நினைத்தேன். இருமல் வந்துவிட்டது. அதற்குள் போய்விட்டாள்.

படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் கொக்கியிலிருந்து கழன்றது. கூடைக் கம்பி சுவரில் உரசியது. செருப்புச் சத்தம் வேலியோரம் போயிற்று. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. காற்றுகூட இல்லை. ஒரு நிமிடம் பொறுத்தேன். போர்வையைத் தள்ளிவிட்டுக் கதவிடுக்குவரை போனேன்.

முள்ளில் விரல் பட்டிருக்க வேண்டும். வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தண்டின் அடியிலிருந்து மேலே மெதுவாகத் தடவிப் போய், இலைக்காம்பைப் பிடித்துக் கத்தரித்தாள். இன்னொன்று. இன்னொன்று. அவசரமே இல்லை. என் கால் ஒரு அடி எடுத்து வைக்கப் பார்த்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடை நிறைவதற்குள் கட்டிலுக்குத் திரும்பிப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

ரசத்தோடு வந்தாள். "எந்திரிச்சு வந்தீங்களா?"

"இல்ல."

"கதவு கிறீச்சுன்னுதே?"

"காத்தா இருக்கும்."

"ம்" என்றாள். கட்டில் விளிம்பைத் தொட்டு உட்கார்ந்து டம்ளரை என் கையில் கொடுத்தாள். மிளகு தூக்கலாக, சூடாக, தொண்டைக்கு இதமாக இருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"எலைய நல்லாத்தான் கழுவுனேன். மண்ணு கிண்ணு கடிச்சுதுங்களா?"

"ஒண்ணுமில்ல."

ஒரு சிறிய கல் இருந்தது. விழுங்கிவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டேன்.